தம்பியோடு ஒரு பழ வேட்டை

குட்டீஸ்! மன்னார்புரம் ரவுண்டானாவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பஸ், லாரி, ஹாரன் சத்தம்தான். அங்கே நின்றுகொண்டு, "இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் நாம் முள்ளுப் புதரில் சூரைப்பழம் பறித்துக்கொண்டு இருப்போம்" என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள்தானே? சிரிக்க வேண்டாம். நடக்கிற காரியம்தான்.

மன்னார்புரத்திலிருந்து டி.வி.எஸ். டோல்கேட்டுக்கு வந்து புதுக்கோட்டைச் சாலையைப் பிடியுங்கள். விமான நிலையம், மாத்தூர், கீரனூர் என்று வரிசையாகத் தாண்டினால், திருச்சியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் நார்த்தாமலை வந்துவிடும். மலை என்றதும் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி நினைத்துவிடாதீர்கள். யானைக் கூட்டம் படுத்துக் கிடப்பது போல வழுவழுப்பான மொட்டைப் பாறைக் குன்றுகள். மேலமலை, கடம்பர்மலை, பொம்மாமலை, ஆளுருட்டிமலை என்று மொத்தம் ஒன்பது பெயர்கள் சொல்கிறார்கள். ஆளுருட்டிமலையாம்! பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது பாருங்கள். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது அதிலிருந்து சிதறிய துண்டுகள்தான் இந்தக் குன்றுகள், அதனால்தான் இங்கே மூலிகைகள் அதிகம் என்று ஊரில் ஒரு கதையும் உண்டு.

மேலமலையின் மேலே விஜயாலய சோழீஸ்வரம் என்ற கற்கோயில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டுக் கோயில். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிக்கப்பட்டது 1010ஆம் ஆண்டு என்றால், இது அதற்கு நூறு வருடத்துக்கு மேல் அண்ணன்! உள்ளே கருவறை வட்ட வடிவில் இருக்கும். எதிரே பாறையைக் குடைந்து இரண்டு குகைக் கோயில்கள். ஒன்றில் ஆளுயரத்தில் பன்னிரண்டு விஷ்ணு சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. ஏறுவதற்குச் சரிவான பாறைதான். அப்பா, அம்மா, தாத்தா எல்லோரும் மெதுவாக ஏறிவிடலாம்.

ஆனால், இன்றைக்கு நாம் கோயில் பார்க்க மட்டும் போகவில்லை. வழியில் இருக்கும் முட்புதர்களில் என்னென்ன பழம் இருக்கிறது என்று பார்க்கப் போகிறோம். அதுவும் தனியாக இல்லை. ஒன்றரை வயதுத் தம்பியும் நம்மோடு வருகிறான். (உங்கள் வீட்டில் தங்கச்சிப் பாப்பா என்றால் அப்படியே மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

யார் தலைவர்?

குடும்பமாகக் காட்டுக்குப் போனால் அப்பாதான் தலைவர் என்று நினைப்பீர்கள். இல்லை. கூட்டத்தில் எல்லோரையும் விடக் குட்டி யாரோ, அவர்தான் தலைவர். எப்போது கிளம்புவது, எவ்வளவு தூரம் நடப்பது, எப்போது திரும்புவது எல்லாம் அவர் சொல்கிறபடிதான்.

நீங்கள் கால் மணி நேரத்தில் நடக்கிற ஒரு கிலோமீட்டரை அவன் நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். நாலு அடி வைப்பான், உட்கார்ந்து எறும்பைப் பார்ப்பான். எழுந்து வந்த வழியே திரும்பி நடப்பான். பிறகு "தூக்கு" என்று கையை நீட்டுவான். யாராவது ஒருவர் மாற்றி மாற்றி அவனை இடுப்பில் தூக்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். அதனால் அந்த ஆளின் கையில் வேறு மூட்டை முடிச்சு வேண்டாம்.

மார்கழி, தை மாதங்கள்தான் இதற்கு ஏற்றவை. காணும் பொங்கலுக்கு முக்கொம்பில் கூட்டம் நெரியும்போது நீங்கள் இந்தப் பக்கம் வந்து பாருங்களேன். அந்த மாதங்களில்கூட விடிந்ததும் கிளம்பிவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் மொட்டைப் பாறை தோசைக்கல்தான். உங்கள் உயரத்துக்குச் சூடு அவ்வளவாகத் தெரியாது. பாறைக்குப் பக்கத்திலேயே முகம் இருக்கிற தம்பிக்குத் தெரியும். தொப்பி, முழுக்கைச் சட்டை, செருப்பு இல்லாமல் ஷூ, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், தம்பிக்குத் தனியாக இட்லி. இவ்வளவு போதும்.

முள் சொல்லும் அடையாளம்

இந்தப் பக்கத்துக் காடு உயரமான மரக்காடு அல்ல. மழை குறைந்த பூமியில் வளரும் முட்புதர்க் காடு. இங்கே நல்ல பழம் தருகிற செடிகள் பலவும் முள்ளை வைத்துக்கொண்டு காவல் காக்கின்றன. அந்த முள்ளைப் பார்த்தே செடியை அடையாளம் கண்டுவிடலாம் என்பதுதான் வேடிக்கை.

இலந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இலையின் அடியிலும் இரண்டு முள் இருக்கும். ஒன்று ஊசி மாதிரி நேராக, இன்னொன்று கொக்கி மாதிரி வளைந்து. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளையாக, பஞ்சு தடவியது போல இருக்கும். பழம் பச்சையிலிருந்து மஞ்சளாகி, பிறகு செம்பழுப்பாகும். பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்பார்களே, அதேதான். இலந்தையைக் கடிப்பதற்கு முன்னால் இரண்டாகப் பிய்த்துப் பாருங்கள். பல பழங்களுக்குள் உங்களுக்கு முன்பே ஒரு குட்டிப் புழு குடிவந்திருக்கும். அது பழ ஈயின் பிள்ளை!

இலந்தைக்குச் சொந்தக்காரச் செடிதான் சூரை. பக்கத்துப் புதர்மேல் படர்ந்து ஏறும். பழம் மிளகை விடக் கொஞ்சம் பெரியது, பழுத்தால் பளபளவென்று கறுப்பு. புளிப்பும் இனிப்புமாக இருக்கும். சதை கொஞ்சம்தான், கொட்டைதான் அதிகம். ஆனால் அதைப் பறிப்பது லேசான வேலை இல்லை. அதன் முள் எல்லாம் பின்பக்கமாக வளைந்த கொக்கி. சட்டையில் மாட்டிக்கொண்டால் நாம் உடனே என்ன செய்வோம்? வெடுக்கென்று இழுப்போம். இழுத்தால் சட்டை கிழியும், கையும் கிழியும். இழுக்கக் கூடாது. செடியை நோக்கி ஒரு அடி வையுங்கள். கொக்கி தானாகத் தளர்ந்துவிடும். ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்லித் தருவார்கள்.

காரைச் செடிக்கு முள் ஜோடி ஜோடியாக, எதிரும் புதிருமாக நிற்கும். பழம் மஞ்சள் நிறம். களாவுக்கோ முள் கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். பூ வெள்ளை நட்சத்திரம், மல்லிகை போல வாசம். காயைக் கிள்ளினால் பால் வடியும். பழுத்தால் கருஞ்சிவப்பாகிப் பிறகு கறுத்துவிடும். ஆனால் தை மாதம் போனால் களாப்பழம் கிடைக்காது. அது கோடைக்குப் பிறகு, நாவல் பழக்கிற சமயத்தில் வரும். எங்கே போய்விடப் போகிறது, இன்னொரு முறை வந்தால் போயிற்று.

களாவைப் பற்றி ஒரு ரகசியம் சொல்லட்டுமா? பேக்கரியில் பன் மேலும் கேக் மேலும் சிவப்பாகச் செர்ரிப் பழம் வைத்துத் தருகிறார்கள் இல்லையா? பல நேரங்களில் அது செர்ரியே இல்லை. கொட்டை எடுத்த களாக்காயைச் சாயம் போட்டுச் சர்க்கரைப் பாகில் ஊற வைத்ததுதான். நம்ம ஊர் முட்புதர்க்காரர் வேஷம் போட்டுக்கொண்டு கேக் மேல் உட்கார்ந்திருக்கிறார்!

இந்தப் பழம் பறிக்கிற ஆசை இன்று நேற்று வந்ததில்லை. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய புறநானூற்றில் 177ஆம் பாட்டு, ஆவூர் மூலங்கிழார் என்ற புலவர் பாடியது. அதில் சில ஆட்கள் புளிப்பாக ஏதாவது தின்ன ஆசைப்பட்டுக் களாப்பழத்தையும் துடரி என்ற முட்செடியின் பழத்தையும் தின்கிறார்கள். தின்று தின்று அலுத்துப் போனதும் ஆற்று மணல்மேட்டில் ஏறி உட்கார்ந்து கறுப்பு நாவல் பழத்தைப் பறித்துத் தின்கிறார்கள். புளிப்பு அலுத்தால் இனிப்பு! அவர்கள் நாக்கும் உங்கள் நாக்கு மாதிரியே ஊதாவாகத்தான் மாறியிருக்கும்.

தம்பியின் கண்ணால் பாருங்கள்

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இது விளையாட்டுப் பேச்சு இல்லை.

நீங்கள் நின்றபடி பார்த்தால் கிளையில் இருக்கும் பழம் தெரியும். தம்பி பார்க்கிற காடே வேறு. அவன் உயரம் உங்கள் இடுப்பு அளவுதான். ஒருமுறை அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். தரையில் உதிர்ந்த பழம், ஆட்டுப் புழுக்கை, கூழாங்கல், வெடித்த காய், பளபளக்கும் விதை எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். நமக்குப் புதிதாக ஒன்று கிடைத்தால் உற்றுப் பார்ப்போம், கேட்போம். அவனுக்கு உலகத்தைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான். எடு, வாயில் போடு!

அப்படி அவன் கையில் கிடைத்துவிடக் கூடாத ஒன்று குன்றிமணி. உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோமே, அந்தச் சிவப்பு விதை. மூக்கில் மை தீட்டியது போல ஒரு கறுப்புப் புள்ளி. அந்தக் காலத்தில் பொற்கொல்லர்கள் தங்கத்தை நிறுக்க இதைத்தான் தராசில் வைத்தார்கள். "ஒரு குன்றிமணித் தங்கம்கூட இல்லை" என்று பாட்டி சொல்வார்களே, அது இதுதான். சுமார் 120 மில்லிகிராம். வேலிகளிலும் புதர்களிலும் கொடியாகப் படர்ந்து, காய் வெடித்ததும் இந்த விதைகள் வெளியே தெரியும். கீழேயும் சிந்திக் கிடக்கும்.

இவ்வளவு அழகான விதைக்குள் அப்ரின் என்ற மிகக் கொடிய நஞ்சு இருக்கிறது. விதையின் தோல் கெட்டியாக இருப்பதால், உடையாமல் முழுசாக விழுங்கினால் சில நேரம் அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால் மென்றாலோ, ஓட்டை போட்ட விதையை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. உடனே ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பிக்கும் என்பது இதில் இன்னும் பொல்லாதது. பல்லாங்குழிக்காகக் குன்றிமணி சேர்த்து வைத்திருக்கும் வீடுகளில் குட்டிப் பாப்பா இருந்தால், இன்றைக்கே அதை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். புளியங்கொட்டை வைத்தும் பல்லாங்குழி ஆடலாம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அப்பாவின் எடை 60 கிலோ, தம்பியின் எடை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் ஒரே மாதிரி ஒரு நச்சுப்பழத்தைத் தின்றால், தம்பியின் உடம்பில் ஒவ்வொரு கிலோவுக்கும் சேருகிற நஞ்சு அப்பாவுக்குச் சேருவதைப் போல ஆறு மடங்கு. "நான் சின்ன வயசில் தின்றேனே, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பெரியவர்கள் சொன்னால், இந்தக் கணக்கை அவர்களிடம் போட்டுக் காட்டுங்கள்.

நல்ல பழத்திலும் ஆபத்து உண்டு. இலந்தைக் கொட்டையும் சூரைக் கொட்டையும் உருண்டையாக, வழுக்கலாக இருக்கும். குட்டிக் குழந்தையின் தொண்டைக் குழாய் மிகச் சின்னது. சரியாக மெல்லவும் தெரியாது. அதனால் கொட்டையை எடுத்துவிட்டு, சதையை விரலால் நசுக்கித்தான் அவனுக்குத் தர வேண்டும். அதுவும் அவன் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். ஓடும்போது வேண்டவே வேண்டாம்.

குறுக்கு வழி எதுவும் இல்லை

"பறவை தின்றால் நாமும் தின்னலாம்." இப்படி ஒரு நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. தப்பு. உங்கள் தெருவிலேயே மஞ்சள் அரளி மரம் இருக்கலாம். பூ புனல் மாதிரி மஞ்சளாக, காய் பச்சையாக முனை வைத்து இருக்கும். அதன் விதை மனிதனின் இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது. ஆனால் குயில் வந்து அந்த மரத்தின் பழத்தை ஹாயாகத் தின்றுவிட்டுப் பறந்து போகும். அதற்கு ஒன்றும் ஆகாது! குயிலின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. மிளகாய்ப் பழத்தைக் கிளி கொத்தித் தின்னும்போது அதற்கு உறைப்பதில்லை என்பதும் இதே மாதிரிதான்.

"பால் வடிந்தால் விஷம், வடியாவிட்டால் நல்லது." இதுவும் ஒரு குறுக்கு வழி. இதுவும் தப்பு. களாக்காயில் பால் வடியும். அதை ஊறுகாய் போட்டுத் தின்கிறோம். அரளியிலும் பால் வடியும். அது நஞ்சு. இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? களாவும் அரளியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பங்காளிகள்! ஒரே வீட்டில் ஒருவன் சாது, ஒருவன் முரடன். குன்றிமணியை உடைத்தாலோ ஒரு சொட்டுப் பால்கூட வராது.

பழுத்தால் நல்லது, காயாக இருந்தால் கெடுதல் என்று ஒரே செடியே இரண்டு வேஷம் போடுவதும் உண்டு. உண்ணிச்செடியைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கொத்தில் மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் என்று பூக்கும். அலங்காரத்துக்காக 1800களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்து, இப்போது காட்டையே வளைத்துப் பிடித்துக்கொண்டது. அதன் பச்சைக் காய் குழந்தைகளுக்கு நஞ்சு. கறுத்த பழத்தைத் தின்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே கொத்தில் பச்சையும் கறுப்பும் கலந்து இருக்கும்போது, தம்பி எதைப் பிய்ப்பான் என்று யாருக்குத் தெரியும்? அந்தச் செடியையே விட்டுவிடுவோம். சொடக்குத் தக்காளியும் அப்படித்தான். நெற்றியில் 'டப்'பென்று உடைத்து விளையாடுவோமே, அந்தக் காகித உறைக்குள் இருக்கும் பழம் பழுத்து மஞ்சளானால்தான் தின்ன வேண்டும். பச்சையாக இருந்தால் கூடாது.

நிறம், வாசம், ருசி, பறவை எதுவும் உங்களுக்குச் சான்றிதழ் தராது. அந்தச் செடியைத் தெரிந்த ஒரு பெரியவர் இலை, முள், பழம் மூன்றையும் நேரில் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். அதுவரை அது வாய்க்குள் போகக் கூடாது. "கொஞ்சம் நக்கிப் பார்க்கலாமே" என்பதும் கூடாது. நீங்கள் நக்கினால் தம்பி பார்ப்பான். அவன் உங்களைத்தான் காப்பி அடிக்கிறான், அப்பாவை அல்ல!

பெயர் மட்டும் போதாதா, நேரில் வேறு பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். போதாது. ஒரு ஊரில் ஒரு பெயரில் சொல்லும் செடி, அடுத்த ஊரில் வேறு செடியாக இருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நம் திருச்சியிலேயே ஒரு பெரிய வேலை நடந்திருக்கிறது. செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967ஆம் ஆண்டு தொடங்கிய ரபினாட் ஹெர்பேரியம் என்ற தாவரகம் இருக்கிறது. உலர்ந்த செடிகளுக்கான நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடியை இலை, பூ, காயோடு அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி, எங்கே, எந்தத் தேதியில் பறித்தது என்று எழுதி வைப்பார்கள். அதைத் தொடங்கிய பாதிரியார் கே.எம். மாத்யூ ஒரு தாவரவியல் அறிஞர். தமிழ்நாட்டுச் சமவெளியிலும் குன்றுகளிலும் வளரும் செடிகளைப் பற்றி அவர் எழுதிய பெரும் தொகுதிகள் 1981 முதல் 1983 வரை வெளிவந்தன. ஒரு செடியின் பெயரை உறுதியாகச் சொல்ல அவர்களுக்கே அத்தனை உழைப்பு வேண்டியிருந்தது என்றால், நாம் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லலாமா?

நீங்களும் ஒரு குட்டித் தாவரகம் வைக்கலாமே. பழைய நோட்டு ஒன்று போதும். பறித்த ஒவ்வொரு பழத்தின் செடியிலிருந்தும் ஒரு இலையைச் செய்தித்தாளுக்குள் வைத்துக் காய விடுங்கள். பக்கத்தில் இடம், தேதி, பெயர் சொன்ன பெரியவர் யார் என்று எழுதுங்கள். தாத்தா பாட்டிகளிடம் இருக்கும் இந்த அறிவில் பாதி எங்கேயும் எழுதப்படாமல் இருக்கிறது. எனக்கு இதுதான் பழத்தை விடப் பெரிய வேட்டை என்று தோன்றும்.

தப்பித் தவறி வாயில் போட்டுவிட்டால்?

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒரு நொடி போதும். தம்பியின் வாய் அசைகிறது, என்னவென்று தெரியவில்லை. அப்போது முதலில் கத்த வேண்டாம். கத்தினால் அவன் பயந்து விழுங்கிவிடுவான். கிட்டே போய், வாயில் மிச்சம் இருப்பதை அம்மாவோ அப்பாவோ விரலால் வழித்து எடுக்கட்டும். வாயைத் தண்ணீரால் துடைத்துவிடட்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள் சிலர். அது கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடலாம். 108க்குப் போன் செய்து, அல்லது கிடைத்த வண்டியில், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இதில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பெரியவர்கள் பதற்றத்தில் இருப்பார்கள். நீங்கள் அந்தச் செடியிலிருந்து இலையும் காயும் உள்ள ஒரு சின்னக் கிளையை ஒடித்து ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்து வாருங்கள். மணி என்ன என்று பார்த்து வையுங்கள். "என்ன தின்றான், எப்போது தின்றான்" என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். பதில் உங்கள் கையில் இருக்கும்.

யாருடைய பழம்?

புதரில் காய்த்தது எல்லாம் பொதுச்சொத்து என்று நினைக்கக் கூடாது. வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும், அங்கே எதையாவது பறிப்பதும் சட்டப்படி குற்றம். தமிழ்நாடு வனச் சட்டம் 1882ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. கோயில் இருக்கும் பகுதியோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே பார்ப்பதோடு சரி. ஊர் ஓரத்துப் புதர், கண்மாய்க் கரை, தரிசுக் காடு இவற்றில், ஊர்க்காரரிடமோ நிலத்துக்காரரிடமோ "இங்கே பறிக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டுப் பறிக்கலாம். கேட்டால் பெரும்பாலும் பறிக்கச் சொல்வதோடு, எந்தப் புதரில் பழம் நன்றாக இருக்கும் என்றும் காட்டுவார்கள். இலவச வழிகாட்டி!

பின்லாந்து, சுவீடன் நாடுகளில் கதை வேறு. அங்கே காடு யாருடையதாக இருந்தாலும், கெடுதல் செய்யாமல் நடந்துபோய்க் காட்டுப் பழம் பறிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. சுவீடன் அதை 1994ஆம் ஆண்டு தன் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டது. கோடை முடியும் சமயத்தில் அங்கே குடும்பம் குடும்பமாக வாளியைத் தூக்கிக்கொண்டு நீலநிறப் பெர்ரிப் பழம் பறிக்கப் போவார்கள். செடி முழங்கால் உயரம்தான், முள்ளும் கிடையாது. கொடுத்து வைத்த பிள்ளைகள்! ஆனால் சூரை முள்ளில் தப்பித்து நாலு பழம் பறிக்கிற சந்தோஷம் அவர்களுக்குத் தெரியாதே.

அனுமதி கிடைத்தாலும் புதரை மொட்டையடித்துவிடாதீர்கள். சின்னானும் மைனாவும் இந்தப் பழங்களை நம்பித்தான் இருக்கின்றன. பழத்தைத் தின்று வேறு இடத்தில் எச்சமிட்டு, அடுத்த புதருக்கு விதை போடுவதும் அவைதான். புதுக்கோட்டை மாவட்டத்தில் தைலமரத் தோப்புகள் நிறைய. அங்கே சூரைக்கும் களாவுக்கும் இடம் ஏது? அதனால் மிச்சம் இருக்கிற ஒவ்வொரு புதரும் பறவைகளுக்கு ஒரு மளிகைக் கடை. உள்ளே இருக்கும் பழத்தை அவற்றுக்கு விட்டுவிட்டு, ஓரத்தில் கைக்கு எட்டியதை மட்டும் எடுங்கள். புதருக்குள் கையை விடுவது உங்களுக்கும் நல்லதில்லை. பாறை சூழ்ந்த இந்த மாதிரிக் காட்டில் சுருட்டை விரியன் இருக்கும். குச்சியால் புதரைத் தட்டிவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்துப் பிறகு கிட்டே போங்கள்.

பறித்ததைக் கலந்து கொட்டாதீர்கள். ஒரு வகைக்கு ஒரு டப்பா. மூடி போட்ட டப்பாவாக இருக்கட்டும். தம்பிக்குத் திறக்கத் தெரியாத மூடியா என்று வீட்டிலேயே ஒருமுறை அவனிடம் கொடுத்துப் பாருங்கள்! அவன் சும்மா வர மாட்டான். அவனுக்கும் ஒரு குட்டிக் கிண்ணம் வேண்டும். அதில் இலை, காய்ந்த குச்சி, உள்ளங்கை அளவுக் கல் என்று வாய்க்குள் போகாத பெரிய பெரிய பொருளாகப் பொறுக்கிப் போடச் சொல்லுங்கள். அவனுக்கும் வேட்டைதான்.

இலந்தை வடை

பத்து மணிக்குப் பாறையை விட்டு இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு மன்னார்புரம் வந்துவிடலாம். இலந்தைப் பழம் நிறையச் சேர்ந்திருந்தால் பாட்டியை மெதுவாகக் கூப்பிடுங்கள். பழத்தை நன்றாகக் கழுவி, புழு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பார்ப்பது உங்கள் வேலை. பிறகு வெல்லம், உப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் பெருங்காயம் சேர்த்து உரலில் இடிக்க வேண்டும். பழைய ஆட்கள் கொட்டையோடு சேர்த்தே இடிப்பார்கள். வாயில் கடகடவென்று கொட்டை கடிபட்டால்தான் அவர்களுக்கு இலந்தை வடை. இடித்ததை வில்லை வில்லையாகத் தட்டி, மொட்டை மாடியில் துணி விரித்து வெயிலில் காய வையுங்கள். இரண்டு மூன்று நாளில் கறுத்து, கையில் ஒட்டாமல் வரும்.

தம்பிக்குக் கொட்டை எடுத்து, மிளகாய் போடாமல், மெத்தென்று ஒன்றை மட்டும் தனியாகத் தட்டி வைக்க மறக்காதீர்கள். எது அவனுடையது என்று தெரிய, அதன் மேல் விரலால் ஒரு பள்ளம் போட்டுவிடுங்கள். காக்காவை விரட்டும் வேலையை அவனிடமே கொடுத்துவிடலாம்.